செத்தவர் பக்கம்

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு சாவு. ஐஸ் பெட்டி கொண்டுவந்த ஆள் ஒயரை இழுத்து, ப்ளக்கைச் செருகி, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு, செல்போனில் பேசிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டார். அவர் வேலை அவ்வளவுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு மிக்ஸிக்காரர் ஞாபகம் வந்துவிட்டது. அவர் இப்போது காரைக்காலில் மகள் வீட்டில் இருக்கிறார். இங்கே வருவதில்லை.

மிக்ஸிக்காரர் என்றுதான் நெல்லித்தோப்பில் எங்கள் தெரு முழுக்க அவரைச் சொல்லும். ஊரில் துணி மில் ஓடிய காலத்தில் அங்கே எலக்ட்ரிஷியனாக இருந்தவர். மில் மூடியபிறகு வீட்டின் முன்னறைக்கு ஷட்டர் போட்டுக் கடையாக்கிக்கொண்டார். மிக்ஸி, கிரைண்டர், டேபிள் ஃபேன் என்று எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தெருவில் யார் இறந்தாலும் முதலில் அவரைத் தேடித்தான் ஆள் ஓடும். எங்கள் பக்கத்து வீடுகள் பழைய வீடுகள். ஐஸ் பெட்டியைச் சும்மா ப்ளக்கில் செருகினால் ஃப்யூஸ் போய்விடும். அவர் மெயினிலிருந்து தனியாக ஒயர் இழுத்துக் கொடுப்பார். பந்தலில் டியூப்லைட் கட்டுவார். ஃபேன் வைப்பார். வேலை முடிந்ததும் ஆள் கிளம்ப வேண்டும் இல்லையா? கிளம்பமாட்டார்.

செத்தவரின் தலைமாட்டில் போய் நிற்பார். கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். "குளிரு ஜாஸ்தியா இருக்குது. கொறைச்சி வைக்கட்டா?" என்று வீட்டுக்காரர்களைக் கேட்பார். அவருக்குக் கண் கலங்கிவிடும். துண்டால் துடைத்துக்கொண்டு, எடுக்கிறவரைக்கும் அங்கேயே ஓர் ஓரமாக நிற்பார்.

நான் நர்ஸ். கோரிமேட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. வயதெல்லாம் அந்த வார்டிலேயே போய்விட்டது. சாவு எனக்கு ஒரு வேலை. கண்ணை மூடிவிட வேண்டும், தாடையைக் கட்ட வேண்டும், டியூப்களை எடுக்க வேண்டும், சொந்தக்காரர்களைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்ல வேண்டும். அதற்குள் அடுத்த கட்டிலில் ட்ரிப்ஸ் தீர்ந்திருக்கும். எனக்கு இரக்கம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுக்க அவ்வளவு இரக்கத்துக்கு எங்கே போவது? பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கால் வீங்கியிருக்கும். அப்படியிருக்கும்போது, முன்பின் பழக்கமில்லாத பிணத்துக்கெல்லாம் கண் கலங்குகிற ஒரு மனுஷனைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

எரிச்சலுக்கு வேறொரு காரணமும் இருந்தது. உயிரோடு இருப்பவர்களிடம் அவர் அப்படியொன்றும் நல்லவர் இல்லை. சிடுமூஞ்சி. மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு போனால், "என்னாத்த போட்டு அரைச்ச? கருங்கல்லையா?" என்று ஆரம்பிப்பார். எங்கள் மேல்வீட்டில் ஒரு ரிட்டயர்டு தபால்காரர் இருந்தார். தண்ணீர் மோட்டார் சத்தம் போடுகிறது என்று இரண்டு பேருக்கும் சண்டை. வருஷக்கணக்கில் பேச்சு கிடையாது. அந்தத் தபால்காரர் இறந்தபோது ஒயர் இழுக்க இவர்தான் வந்தார். வழக்கம்போலத் தலைமாட்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏண்ணே, உசிரோட இருந்தப்ப அவர்கிட்ட ஒரு வார்த்த பேசல. இப்ப அழுவுறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உசிரோட இருந்தப்ப அவருக்கு எல்லாம் இருந்துச்சே சிஸ்டரு. காலைல பேப்பர் இருந்துச்சு, காபி இருந்துச்சு, என்னத் திட்டறதுக்கு வாய் இருந்துச்சு. இப்ப ஒண்ணும் இல்லியே" என்றார்.

அவர் மனைவிக்கு இந்தக் குணம் சுத்தமாகப் பிடிக்காது. ஒல்லியான பெண்மணி, சர்க்கரை வியாதிக்காரர். சத்தமாகப் பேசுவார். என்னைக் கண்டால் நிறுத்திவைத்துப் புலம்புவார். "செத்தவங்களுக்கு ஒருத்தர் வுடாம அழுவுறாரு. நான் தலைய வலிக்குதுன்னு படுத்திருந்தா, சோறு ஆச்சான்னு கேக்கறாரு. நான் பொட்டில படுத்தாதான் இந்தாளு கண்ணுக்குத் தெரிவேன் போல." சொல்லிவிட்டுச் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

எங்கள் தெருக்கோடியில் மீன் விற்கிற அம்மா ஒருத்தர் இருந்தார். வைத்திக்குப்பத்தில் பிறந்தவர். காலையில் தேங்காய்த்திட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்துக்கொண்டு வந்து தெருத்தெருவாக விற்பார். புருஷன் குடிகாரன். குடித்துவிட்டு அவரை அடிப்பது தெருவுக்கே தெரியும். ஒருமுறை புருவத்தில் அடிபட்டு என்னிடம்தான் வந்தார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தையல் போட்டேன். அந்த ஆள் ஒரு நாள் மத்தியானம் சாக்கடை ஓரமாக விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

சாவு வீட்டில் அந்தம்மா அழவில்லை. கால் நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வந்த பெண்கள் எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, 'இனிமேலாவது நிம்மதியாய் இரு' என்று காதோரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். வேறென்ன சொல்வது? அந்த நேரம் பார்த்து மிக்ஸிக்காரர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, யாரிடம் என்றில்லாமல், "பாவம்மா. ஒரு நல்ல நாள்கூட பாக்காம போயிட்டான்" என்றார்.

அந்தம்மா விருட்டென்று எழுந்தார்.

"யாரு பாவம்? இவனா பாவம்?" புருவத்துத் தழும்பை விரலால் தொட்டுக் காட்டினார். "இது யாரு பண்ணது? என் புள்ளைங்க ராவுல பயந்து பயந்து படுத்துதுங்களே, அதுங்க பாவம் இல்லியா? நான் பாவம் இல்லியா? ஒயரு இழுக்க வந்தியா, இழுத்துட்டுப் போ. இவனுக்குப் பாவம் பாக்கறதுன்னா வெளிய நின்னு பாரு."

மிக்ஸிக்காரர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். எல்லோரும் அவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்தோம். ஆனால் தூக்குகிற நேரத்தில் ஆள் குறைந்தது. அந்தக் குடிகாரனுக்கு யார் தோள் கொடுப்பார்கள்? தெருமுனை வேப்பமரத்தடியில் நின்றிருந்த மிக்ஸிக்காரர் வந்து ஒரு பக்கம் தோள் கொடுத்தார்.

அன்றைக்கு எனக்கு அந்தம்மா சொன்னதுதான் சரி என்று பட்டது. இன்றைக்கும் அது தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, ஒரு சாயங்காலம் அந்தம்மா என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தார்.

"சிஸ்டரு, இன்னிக்கு நெத்திலி மிஞ்சிப் போச்சின்னு வறுத்தேன். அந்தாளு வறுத்த நெத்திலின்னா சட்டியில இருக்கும்போதே கைய வுட்டு எடுப்பாரு. சூடுன்னு சொன்னாலும் கேக்கமாட்டாரு. அடுப்பாண்ட நின்னுக்கினு இருந்தேன். இனிமே அந்தாளுக்கு இது இல்லல்ல, அப்படின்னு திடீர்னு தோணிச்சு. அவ்ளோதான். உக்காந்து அழுதுட்டேன்." மூக்கை உறிஞ்சினார். "எனக்காவ அழல சிஸ்டரு. எனக்கு அந்தாளு இல்லாதது நிம்மதிதான். அந்தாளுக்காவத்தான் அழுதேன். அந்த மிக்ஸிக்காரரு வாய்தான் காரணம். என்னா மனுசன்!"

திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் இறந்துபோனார். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். ஒரு நாளும் உடம்பு சரியில்லை என்று படுத்தவர் இல்லை. காலையில் பீச்சில் நடந்துவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். என் கையால் எத்தனையோ பேருக்கு நெஞ்சை அழுத்தியிருக்கிறேன். அவருக்கு உயிர் திரும்பவில்லை.

வீடு நிறைய ஆட்கள். மாதா கோயிலிலிருந்து சாமியார் வந்தார், எங்கள் தெரு ஜெபக்குழுவான அன்பியத்துப் பெண்கள் வந்து ஜெபமாலை சொன்னார்கள். எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். 'உனக்கு இப்படி ஆகிப்போச்சே.' 'தனியா என்ன பண்ணுவ?' 'அப்பா இல்லாம பொண்ணுக்கு எப்படிக் கல்யாணம் பண்ணுவ?' எல்லாம் அன்பில் சொன்னதுதான். ஆனால் கேட்கக் கேட்க எனக்குச் சலிப்பாக இருந்தது. அங்கே பெட்டிக்குள் ஒருவர் படுத்திருக்கிறார், எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டு வாடகை, பெண்ணின் படிப்பு, இனி டூட்டிக்கு யார் வண்டியில் கொண்டுபோய் விடுவார்கள் என்று மனம் போய்க்கொண்டிருந்தது. கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

மிக்ஸிக்காரர் ஒயர் வேலையை முடித்துவிட்டுத் தலைமாட்டில் வந்து நின்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. பெட்டிக்குள் இருந்தவரையே பார்த்துக்கொண்டு, மெதுவாக, கடையில் வந்து நிற்கிறவரிடம் பேசுவதுபோல் பேசினார்.

"இந்த வருசம் வேளாங்கண்ணிக்கு நடந்தே போறேன்னு சொன்னீங்களே சார். கேன்வாஸ் ஷூகூட வாங்கியாச்சின்னு காட்டினீங்களே. போவ முடியாம போச்சே சார் உங்களுக்கு."

அந்த ஷூ கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. இரண்டு நாள் போட்டு வீட்டுக்குள் நடந்து பார்த்தார். குதிகாலில் கடிக்கிறது என்று பஞ்சு வைத்தார். செப்டம்பரில் திருவிழாவுக்குள் சரியாகிவிடும் என்றார். அவருக்கு அதில் எவ்வளவு ஆசை இருந்தது என்று எனக்குத் தெரியும். அன்றைக்குக் காலையிலிருந்து அந்த ஆசையைப் பற்றி நான் ஒரு நிமிஷம் நினைக்கவில்லை. என் பெண்ணுக்கு அப்பா இல்லை என்றார்கள். பெண்ணின் கல்யாணத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. இரண்டும் ஒரே விஷயந்தான். ஆனால் ஒன்றாக இல்லை.

அப்போதுதான் அழுதேன். எப்படி அழுதேன் என்று தெரியாது. கையை வைத்துப் பெட்டியைத் தட்டினேன் என்று பிறகு சொன்னார்கள்.

உப்பளம் கல்லறையில் அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து மிக்ஸிக்காரர் கடைக்குப் போனேன். போகவேண்டிய வேலை ஒன்றும் இல்லை. சும்மாதான் போனேன். அவர் ஒரு கிரைண்டரைக் கவிழ்த்துப் போட்டு ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டார், உட்கார் என்று அர்த்தம்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். செத்தவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. குளிரும் தெரியாது, சூடும் தெரியாது. நான் ஆஸ்பத்திரியில பாக்கறவ, சொல்றேன். அப்புறம் ஏன் அவங்களுக்கு இவ்ளோ பாவப்படறீங்க?"

"எனக்கு மட்டும் தெரியாதா? கரன்ட் போயிட்டா மோட்டாருக்கு என்னா தெரியும்?" என்றார். ஸ்க்ரூவை ஒரு மூடியில் போட்டார். பிறகு, "அவங்கள பாக்கும்போது அவங்க எடத்துல நான் படுத்துக்கறேன் சிஸ்டரு. வேணும்னு இல்ல. அதுவா நடக்குது. படுத்துக்கினு மேல பாக்கறேன். எல்லாம் எட்டிப் பாக்குதுங்க. நாளைக்கு எல்லாம் எழுந்து பல்லு வெளக்கும், டீ குடிக்கும். நான் மட்டும் இல்ல. எல்லாரும் மறந்துடுவாங்க. அத நெனைச்சா நெஞ்ச அடைக்குது. அவுரு படுத்துக்கினு அத நெனைக்கமாட்டாரு, எனக்குத் தெரியும். நான் நெனைக்கறேனே" என்றார்.

"அப்ப உங்களுக்காகத்தான் அழுவுறீங்க."

"இருக்கலாம்" என்றார், கோபப்படாமல். "ஆனா அழுவுறப்ப அவர் மூஞ்சிதான் தெரியுது."

அவருடைய மனைவிக்குச் சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை எங்கள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். மிக்ஸிக்காரர் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வருவார். கேட் வரைக்கும்தான் வருவார். உள்ளே வரமாட்டார். "எனக்கு அங்க நிக்க முடியல சிஸ்டரு. நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விடுவார். அந்தம்மா தனியாக மெஷினில் படுத்திருப்பார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்களுக்கெல்லாம் யாராவது கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எனக்குப் பார்க்க ஆத்திரமாக இருக்கும். அந்தம்மாவோ, "அந்தாளுக்கு முடியாதும்மா. உசிரோட கஷ்டப்படறத பாக்க முடியாது. வுடு" என்பார். கடைசியில் அட்மிட் செய்தார்கள், என் வார்டில்தான். என் டூட்டியிலேயே, ஒரு மத்தியான நேரம், போய்விட்டார். மிக்ஸிக்காரர் அப்போது கடையில் இருந்தார்.

தெரு முழுக்க அவர் வீட்டுக்கு வந்தது. யாரென்றே தெரியாதவருக்குக் கலங்குகிறவர், சொந்தப் பெண்டாட்டிக்கு எப்படித் துடிப்பாரோ என்று எல்லோருக்கும் பயம். ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர்கள் ஒயருக்கு என்ன செய்வது என்று சுற்றிப் பார்த்தார்கள். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, "அதோ போர்டு இருக்குது" என்று தாடையால் காட்டினார். எழுந்திருக்கவில்லை. தலைமாட்டுக்குப் போகவில்லை. பெட்டி இருந்த பக்கமே பார்க்கவில்லை.

யார் வந்து கையைப் பிடித்தாலும் ஒரே பேச்சுதான். "எனக்கு இனிமே யாரு சோறு போடுவா? நான் எங்க போவேன்? எனக்கு யாரு இருக்கா?" மகள் காரைக்காலிலிருந்து வந்து காலில் விழுந்து அழுகிறாள், அவளிடமும் அதேதான். கண்ணில் தண்ணீர் இல்லை. கோபம்தான் இருந்தது, யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதுபோல. தெருவில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஊரான் சாவுக்கெல்லாம் அழுதவர், பெண்டாட்டி செத்தால் சோற்றுக்கு அழுகிறார் என்று. என் நாத்தனார் என் காதிலேயே சொன்னாள். என் வீட்டில் பெட்டி இருந்த அன்றைக்கு நான் எதையெதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியும்.

அந்த வீட்டில் அவரிடம் சரியாகப் பேசியது மீன்காரம்மா ஒருத்தர்தான். தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். "குடிண்ணே. அழுவ வரலன்னா வுடு. எனக்கும் வரல. அப்புறமா வரும்" என்றார். அவர் அந்தம்மாவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கஞ்சியைக் குடித்தார்.

அதோடு அவர் சாவு வீடுகளுக்குப் போவதை விட்டுவிட்டார். கூப்பிட வந்தால், "வேற ஆள பாருங்க" என்பார். ஷட்டர் பாதி இறங்கியே இருக்கும். வீட்டைக் காலி செய்துகொண்டு காரைக்காலுக்கு வரச்சொல்லி மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போவது என்று முடிவானபிறகு, கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம் என் வீட்டுக்கு வந்தார். எனக்கு மாலை டூட்டி. யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டரு, அவ போனப்ப நீதான இருந்த."

"ஆமாண்ணே."

"ஏதாச்சும் சொன்னாளா? என்னக் கேட்டாளா?"

என்ன சொல்வது என்று யோசித்தேன். உங்களைத்தான் கேட்டார், உங்கள் பெயரைச் சொல்லித்தான் கண்ணை மூடினார் என்றெல்லாம் வார்டில் நாங்கள் சொல்வதுண்டு. கேட்கிறவர்களுக்கு அது ஒரு ஆறுதல். அவரிடம் எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"உங்களக் கேக்கலண்ணே. அப்ப அவ்ளோ நெனவு இல்ல. கால் அரிக்குதுன்னு சொன்னாங்க."

அவர் நிமிர்ந்தார்.

"கிட்னி போனவங்களுக்கு அப்படித்தாண்ணே, ஒடம்பெல்லாம் அரிக்கும். கை எட்டல அவங்களுக்கு, ஊசி போட்டிருந்துச்சு. சிஸ்டரு, கொஞ்சம் சொறிஞ்சி வுடேன்னு கேட்டாங்க."

"சொறிஞ்சி வுட்டியா?"

"வுட்டேன்."

"எந்தக் கால்?"

"எடது கால். பாதத்துக்குக் கிட்ட."

"எவ்ளோ நேரம்?"

"கொஞ்ச நேரம். போதும்னு தலைய ஆட்டினாங்க. அப்புறம் கண்ண மூடிக்கிட்டாங்க. நான் அடுத்த பெட்டுக்குப் போயிட்டேன். திரும்பி வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

அவர் டம்ளரைத் தரையில் வைத்தார். குனிந்து தன் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "கை எட்டலியா அவளுக்கு" என்றார். "ஐயோ, அரிக்குதுன்னு சொன்னாளா. கை எட்டலியா." அப்புறம் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அழ ஆரம்பித்தார்.

கோரிமேடு பஸ் போகிற நேரம். நான் எழுந்திருக்கவில்லை. டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.